ஆப்பிளைத் தாண்டிப் போன குண்டு

பெயர்: வெலிமிர் தானிலோவிச். தந்தை பெயர்: கவ்ரிலோ. வயது: அறுபத்தொன்பது. தொழில்: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முகவரி: பள்ளிக்கூடத் தெரு, எண் 4, கீழ் க்ருஷெவிட்சா, மேற்குச் செர்பியா. மேற்படி நபர் யாரும் அழைக்காமல் அக்டோபர் பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு நகரக் காவல் நிலையத்துக்குத் தாமாக வந்து, ஒரு துணிப்பையை மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி லுபிங்காவுடன் வசித்து வருகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் முப்பத்தாறு ஆண்டுகள் இயற்பியலும் கைத்தொழிலும் கற்பித்து ஓய்வு பெற்றேன். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. கடந்த சனிக்கிழமை என் பழைய மாணவன் ராஸ்ட்கோவின் கல்யாணத்தில், மணப்பெண் யாஸ்னாவின் சித்தப்பா ராடென்கோவின் இடது கண்ணில் காற்றுத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. மாப்பிள்ளை ராஸ்ட்கோ, வேண்டுமென்றே சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு அன்றிலிருந்து காவலில் இருக்கிறான். அந்தக் குண்டு அவனுடையது அல்ல. என்னுடையது.

ஆய்வாளர் என்னிடம், "அவனே ஒத்துக்கிட்டான், நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் முன், சென்ற ஆண்டு மார்ச் மாதம் ராஸ்ட்கோ என்னிடம் கேட்ட வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க அனுமதி கேட்டேன். அனுமதித்தார்.

ராஸ்ட்கோவுக்கு இப்போது வயது முப்பத்தொன்று. ராஸ்பெரித் தோட்டம் வைத்திருக்கிறான், அப்பா இல்லை, அம்மாவுடன் இருக்கிறான். அன்று அவன் என் வீட்டு வாசலில் நின்று, "சார், ஒரு ஏர் கன் வாங்கணும். விலை கையக் கடிக்கக் கூடாது, சத்தம் வெளிய கேக்கக் கூடாது, எப்பவாவது வேட்டைக்கும் ஆகணும். எது வாங்கலாம்?" என்று கேட்டான். மக்காச்சோளக் கொட்டிலில் எலி பெருத்துவிட்டதாகவும், கள்ளிப்புறாக்கள் விதையைத் தின்று தீர்ப்பதாகவும், இரண்டு புறா கிடைத்தால் அம்மாவுக்குச் சூப் வைக்கலாம் என்றும் சொன்னான். சத்தம் ஏன் கூடாது என்றால், அவன் அம்மாவுக்கு வெடிச்சத்தம் ஆகாது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுப் போரில் விமானங்கள் குண்டு போட்டதிலிருந்து ஆகாது. புறாவைக் காற்றுத் துப்பாக்கியால் சுடுவது வேட்டைச் சட்டப்படி சரியில்லை என்பது எனக்குத் தெரியும், நானும் சுட்டிருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

என்னிடம் அப்போதே ஒன்று இருந்தது. அதை வாங்கும் முன் நான் ஒரு குளிர்காலம் முழுவதும் யோசித்திருந்தேன். ஆகவே அவனை உட்கார வைத்து விளக்கினேன். முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்கும் வகை அதிகச் சத்தம் தராது, குறியும் தவறாது, ஆனால் அதற்குத் தனியாக ஒரு பம்பு வேண்டும், பம்பின் விலையில் இன்னொரு துப்பாக்கி வாங்கலாம், அது நமக்கு வேண்டாம் என்றேன். குழலை மடக்கி இழுத்துச் சுடும் வகை போதும். அதிலும் எஃகுச் சுருள் உள்ளது பழைய கட்டிலில் ஆள் புரண்டு படுத்ததுபோல முனகும். வாயுத்தண்டு உள்ளது அப்படி இல்லை. வேனின் பின்கதவைத் தூக்கிவிட்டால் ஒரு தண்டு அதைச் சத்தமில்லாமல் தாங்கிப் பிடிக்கிறதல்லவா, அதே தண்டுதான், உள்ளே இருக்கிறது. அதன் பிறகு வேகம். வேகம் அதிகமானால் நல்லது என்று கடைக்காரர் சொல்வார், நம்பாதே என்றேன். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் சாட்டை நுனி சொடுக்குவதுபோல வெடிக்கும், எந்த மூடி போட்டாலும் அது அடங்காது. எலிக்கும் புறாவுக்கும் மெதுவான துப்பாக்கி போதும், நம் நாட்டில் அந்த அளவுக்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. குழல் முனையில் ஒலி அடக்கும் உறை இருந்தால் இன்னும் நல்லது. விலை என் ஓய்வூதியத்தில் பாதிக்குச் சற்று மேல் என்றேன்.

நானும் அவனும் நகரத்துக்குப் பேருந்தில் போனோம். கடைக்காரர் அதைவிட இரண்டு மடங்கு வலுவான ஒன்றை எடுத்து நீட்டி, "பன்னிகூட விழும் சார்" என்றார். ராஸ்ட்கோ, "எங்க ஊர்ல பன்னியப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலே வந்துரும்" என்றான். என்னிடம் இருந்த அதே வகையை, அதே நிறத்தில் வாங்கினான். திரும்பி வந்து என் வீட்டுப் பின்புறம் தகரக் குவளையை வைத்துச் சுட்டுப் பார்த்தோம். என் மனைவி சமையலறையில் சன்னலைத் திறந்து வைத்து மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். ஐந்து முறை சுட்ட பிறகு, "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள். அன்று நாங்கள் மூவரும் சிரித்தோம்.

துப்பாக்கி வாங்கியவனுக்கு நான் எப்போதும் முதலில் சொல்லும் விதி ஒன்று உண்டு. குறியைப் பார்ப்பதற்கு முன் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். அவனுக்கும் சொன்னேன். அவன் அதைத் திருப்பிச் சொல்லும்வரை குண்டு கொடுக்கவில்லை.

அதன் பிறகு இந்த ஆண்டு கோடையில் ராஸ்ட்கோவுக்கும் மேல் க்ருஷெவிட்சாவைச் சேர்ந்த யாஸ்னாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. யாஸ்னாவுக்கு அப்பா இல்லை. அவர் தம்பி ராடென்கோதான் அவளை வளர்த்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டார் ஒரு நீண்ட கம்பின் நுனியில் ஆப்பிளைச் செருகி, வீட்டு வாசலில் உள்ள உயரமான மரத்தில் கட்டுவார்கள். மாப்பிள்ளை அதைச் சுட்டு விழச்செய்யும்வரை வாசல் திறக்காது. மூன்று முறை சுடலாம். முன்பு வேட்டைத் துப்பாக்கியால் சுடுவார்கள். காவல்துறை தடை சொன்ன பிறகு இரண்டு ஆண்டுகளாகக் காற்றுத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். வேட்டைத் துப்பாக்கியில் சிறு குண்டுகள் பரவிப் போகும், கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் ஒன்று படும். காற்றுத் துப்பாக்கியில் ஒரே குண்டு. படும், அல்லது படாது.

ராஸ்ட்கோவுக்குக் கண் சரியாகத் தெரியாது. தடித்த கண்ணாடி போட்டும் இருபது மீட்டருக்கு அப்பால் முட்டைக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாது. எலி பத்தடியில் இருக்கும், அதற்குப் போதும். ஐந்தாம் வகுப்பில் நான் அவன் வகுப்பாசிரியர். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்று ஒரு நாள் அவனை வகுப்பு முன்னால் நிறுத்தி, "காப்பி அடிச்சியா?" என்று கேட்டேன். "ஆமா சார்" என்றான். இரண்டு வாரம் கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்தேன். பிறகு கண் மருத்துவர் பள்ளிக்கு வந்தபோதுதான் அவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது தெரிந்தது. ஏன் இல்லை என்று சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க சொன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான். இதை ஆய்வாளர் வழக்குக்குத் தொடர்பில்லாதது என்றார். தொடர்பு உண்டு, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி ராஸ்ட்கோ, வழக்கப்படி பூமாலை சுற்றிய சாராயக் குடுவையை ஏந்திக்கொண்டு கல்யாணத்துக்கு அழைக்க மேல் க்ருஷெவிட்சா மதுக்கடைக்குப் போனான். நானும் உடன் போனேன். ராடென்கோ சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். "வாங்க மாப்பிள்ளை. நான் எந்த நாற்காலியில இருக்கேன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கல்யாணத்தன்னிக்குப் பக்கத்துல போய்ப் பாத்துக்கங்க. பொண்ணுன்னு நெனச்சுப் பாதிரியாருக்கு முத்தம் குடுத்துராதீங்க. இந்தத் தடவை கம்பு பன்னெண்டு மீட்டர். ஆப்பிள் சின்னது. நானே பொறுக்கி எடுப்பேன்." அதற்கு ராஸ்ட்கோ, "ஆப்பிளுக்குப் பதிலா உங்க தலையக் கட்டித் தொங்க விடுங்க சித்தப்பா. அது பெருசு, கண்டிப்பா அடிச்சிருவேன்" என்றான். கடை முழுவதும் சிரித்தது. ராடென்கோவும் சிரித்தார், குடுவையை வாங்கி மூன்று மிடறு குடித்தார், அவன் கன்னத்தில் தட்டிக் கொடுத்தார். இந்த வார்த்தைகளைத்தான் இப்போது மிரட்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். வார்த்தைகள் சரி. சிரித்ததும் தட்டிக் கொடுத்ததும் விடுபட்டிருக்கின்றன.

அதன் பிறகு மூன்று வாரம் அவன் தோட்டத்தில் கம்பு நட்டு ஆப்பிள் செருகிப் பழக்கினேன். ஐம்பது குண்டுக்கு ஒன்று பட்டது, அதுவும் கம்பில். அவன் ஒவ்வொரு முறையும், "பட்டுச்சா சார்?" என்று கேட்டான். கடைசி நாள் அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மூணும் போச்சுன்னா ஊர் பூரா சிரிக்கும். சிரிக்கட்டும். யாஸ்னா அங்க வாசலுக்கு உள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருப்பா, அதுதான்" என்றான்.

நான் முப்பத்தாறு ஆண்டில் எந்த மாணவனுக்கும் தேர்வில் ஒரு விடைகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது முடிவு செய்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

யாஸ்னாவின் வீட்டுக்கு அடுத்தது மிலோயே என்பவரின் மூன்று மாடி வீடு. அவர் என் பழைய மாணவர், வியன்னாவில் வேலை பார்க்கிறார், வீடு பூசப்படாமல் நிற்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது, மாதம் ஒரு முறை தண்ணீர்க் குழாயைப் பார்த்துவிட்டு வருவேன். அதன் மேல்மாடிச் சன்னலிலிருந்து யாஸ்னாவின் வாசலில் உள்ள பேரிக்காய் மரம் நேர் எதிரே தெரியும். மரத்துக்கு இருபத்தைந்து மீட்டர். அந்தத் தூரத்தில் நான் ஆப்பிளைத் தவறவிட மாட்டேன். மாப்பிள்ளைத் தோழன் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணுவான், மூன்றில் மாப்பிள்ளை சுடுவான். அதே மூன்றில் நானும் சுட்டால் ஆப்பிள் விழும். இந்தத் துப்பாக்கியின் சத்தம் தெருவரை போகாது. அதற்காகத்தானே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

இனி குண்டுகளைப் பற்றி. காற்றுத் துப்பாக்கிக்கு ஈயக் குண்டு போடுவோம். இடுப்பு ஒடுங்கி, அடியில் பாவாடைபோல விரிந்து உள்ளே குழிந்திருக்கும். தலை இரண்டு விதம். தட்டைத்தலைக் குண்டு கிட்டத்தில் இருப்பதற்கு. காகிதத்தில் பட்டால் பிஸ்கட் வெட்டும் அச்சைப்போல வட்டமாக வெட்டும், ஆப்பிளில் பட்டால் தோலைக் கிழித்துச் சிதறடிக்கும், பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். உருண்டைத்தலைக் குண்டு காற்றை விலக்கிக்கொண்டு தூரம் போகும், வேகம் குறையாது. வெள்ளிக்கிழமை மாலை ராஸ்ட்கோவிடம் இருந்த உருண்டைத்தலை டப்பாவை நான் வாங்கிக்கொண்டு, கடையில் புதிதாக வாங்கிய தட்டைத்தலை டப்பாவை முத்திரை உடைக்காமல் கொடுத்தேன். ஆப்பிள் அழகாகச் சிதறட்டும் என்றேன். அவன் சட்டைப் பையில் நீங்கள் எடுத்தது அந்த டப்பாதான். அதில் மூன்று குண்டு குறையும். நான் உருண்டைத்தலையை வைத்துக்கொண்டேன், எனக்குத் தூரம் அதிகம் என்பதால்.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோட்டு போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் துணிப்பையில் வைத்தேன். என் மனைவி, "கல்யாணத்துக்கு எதுக்குங்க அது?" என்றாள். மிலோயே வீட்டு மாடியில் புறா அசிங்கம் செய்கிறது என்றேன். "கோட்டு போட்டுக்கிட்டா புறா அடிப்பாங்க?" என்றாள். முதலில் ராஸ்ட்கோவின் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா எல்லாருக்கும் போல எனக்கும் கோட்டில் ரோஸ்மேரி என்னும் வாசனைத் தழைக் கொத்து குத்தினார். அதன் பிறகு கார்கள் வரிசையாக மேல் க்ருஷெவிட்சாவுக்குப் புறப்பட்டன. நான் கடைசிக் காரில் போய், திருப்பத்தில் இறங்கி, மிலோயே வீட்டின் பின்கதவு வழியாக மாடிக்குப் போனேன். அப்போது பத்து மணி இருபது நிமிடம்.

சன்னலை ஒரு கை அகலம் திறந்தேன். கீழே வாசல் முன் ஐம்பது, அறுபது பேர். ட்ரம்பெட் கோஷ்டி ஐந்து பேர். ஆப்பிள் எனக்கு நேராக, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. காற்று இல்லை. பேரிக்காய் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

ட்ரம்பெட் நின்றது. தோழன் எண்ணினான். முதல் குண்டை நான் சுடவில்லை. அவனே அடித்துவிட்டால் நல்லது என்று விட்டேன். அடிக்கவில்லை. வாசலுக்கு உள்ளிருந்து பெண்கள், "மாப்பிள்ளை, ஆப்பிள் மேல இருக்கு" என்று கத்தினார்கள். இரண்டாவது முறை தோழன் மூன்று என்றபோது நானும் சுட்டேன். நான் விசையை அழுத்தும் அதே நொடியில் ஆப்பிள் ஒரு சாண் இடது பக்கம் ஆடியது. என் குண்டு படவில்லை. இலை அசையாமல் ஆப்பிள் மட்டும் ஏன் ஆடியது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. குழலை மடக்கி அடுத்த குண்டு போட்டேன். மூன்றாவது முறை ஆப்பிள் ஆடவில்லை. சுட்டேன். சிதறியது. கீழே எல்லாரும் கத்தினார்கள், ட்ரம்பெட் தொடங்கியது. நான் துப்பாக்கியை மாடியில் மரப்பலகைக்குப் பின்னால் வைத்துவிட்டு இறங்கினேன். ரோஸ்மேரிக் கொத்து எங்கோ விழுந்திருந்தது, தேடவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கும்.

கூட்டத்தில் சேர்ந்தபோது ராஸ்ட்கோ என்னைப் பார்த்து, "சார், எங்க பட்டுச்சு?" என்று கேட்டான். "நடுவுல" என்றேன். அவன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வாசல் திறந்தது. பெண்ணின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வருவது அப்பாவின் வேலை, ஆகவே ராடென்கோவின் வேலை. அவரைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் உள்ள தொழுவத்தின் வைக்கோல் பரணில் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். தோற்றுவிட்ட கோபத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். தோழன் பரணுக்குக் கீழே நின்று, "அண்ணே, தோத்தாச்சு, எறங்கி வாங்க. அழுதா சாராயம் உப்புக் கரிக்கும்" என்று கூப்பிட்டான். ட்ரம்பெட் கோஷ்டியைப் பரணின் கீழே நிறுத்தி அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றை வாசிக்க வைத்தார்கள். அது முடிந்ததும் இன்னொன்று. நான் இரண்டு கோப்பை பிளம் சாராயம் குடித்தேன். மகிழ்ச்சியாக இருந்தேன். இப்படியே நாற்பது நிமிடம் போனது.

பதினொன்றரைக்கு யாஸ்னா, "நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லி வெள்ளை உடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். ட்ரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தது. அவள் பரண் வாசலில் வந்து நின்று கையைக் காட்டினாள். இன்னும் வாசிக்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவர்கள் இன்னும் சத்தமாக வாசித்தார்கள். அதன் பிறகுதான் ஒருவர் அவள் முன்கைகளில் இருந்த இரத்தத்தைப் பார்த்து நிறுத்தினார்.

ராடென்கோ மயங்கிக் கிடந்தார். அவர் வலது சுட்டுவிரலில் மீன் பிடிக்கும் நூல் சுற்றியிருந்தது. நூலின் மறுமுனை கம்பின் நுனியில், ஆப்பிளுக்குக் கீழே கட்டியிருந்தது. தோழன் எண்ணும்போது நூலை இழுத்து ஆப்பிளை ஆட்டுவதற்காக அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். ராஸ்ட்கோ தோற்கட்டும் என்று அவர் ஒரு பக்கம் இழுத்தார், ஜெயிக்கட்டும் என்று நான் ஒரு பக்கம் சுட்டேன். இரண்டும் யாருக்கும் தெரியக் கூடாது என்று இருவருமே நினைத்தோம்.

ஆம்புலன்ஸ் வந்தது. காவலர்கள் வந்தார்கள். ராடென்கோ நினைவு திரும்பி, "சொன்னபடியே செஞ்சுட்டான்" என்று மட்டும் சொன்னார். பரணின் வாசல் ஆப்பிளுக்கு இரண்டு மீட்டர் கீழே இருக்கிறது, குறி தவறினால் இவ்வளவு கீழே போகாது, வேண்டுமென்றே குழலைத் தாழ்த்திச் சுட்டான் என்று காவலர் ஒருவர் சொன்னார். ராஸ்ட்கோவிடம் கேட்டார்கள். அவன், "துப்பாக்கி எங்கிட்டதான இருந்துச்சு. நானாத்தான் இருக்கும்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கும் தெரியாது. என் குண்டு ஒன்று ஆப்பிளில் பட்டது, மற்றொன்று வெட்டவெளியில் போனது என்றே நினைத்திருந்தேன். அவன் கையில் விலங்கு பூட்டி அழைத்துப் போனார்கள். தேவாலயத்தில் பாதிரியார் இரண்டு மணி வரை காத்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் துப்பாக்கியை எடுக்க மிலோயே வீட்டு மாடிக்குப் போனேன். அதே இடத்தில் உட்கார்ந்து அதே கம்பின் நுனியைப் பார்த்தேன். அதற்கு நேர் பின்னால், பதினைந்து மீட்டரில், பரணின் வாசல் இருந்தது. கீழே தெருவில் நிற்பவனுக்கு ஆப்பிளின் பின்னால் வானம். என் சன்னலிலிருந்து ஆப்பிளின் பின்னால் ஓர் இருட்டான சதுரம். சனிக்கிழமையும் அது அங்கேதான் இருந்தது. இருட்டு என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்லும் முதல் விதி.

அன்றும் வரவில்லை. திங்கள்கிழமையும் வரவில்லை. காரணம் கேட்டீர்கள். பயம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. திங்கள் காலை யாஸ்னா மருத்துவமனையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கண்ணை எடுத்துவிட்டார்கள், குண்டையும் எடுத்துவிட்டார்கள், அது எலும்பில் படாமல் தசையில் நின்றிருந்ததால் நசுங்கவில்லை, உறையில் போட்டுக் காவல்துறைக்குக் கொடுத்தார்கள் என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சார், நீங்கதான் அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அவர் வேணும்னு செஞ்சிருப்பாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் அவர் ஆமான்னு சொன்னார்?" என்றாள். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். யாஸ்னா குடிக்காமல் போய்விட்டாள். அவள் போன பிறகு என் மனைவி அந்தக் காபியைக் கொட்டிவிட்டு, கோப்பையைக் கழுவிக்கொண்டே, "புறா எத்தனை விழுந்துச்சு?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னேன். அவள் குழாயை மூடிவிட்டு, "நாளைக்கு முதல் பஸ் ஏழே காலுக்கு" என்றாள்.

ஆய்வாளர், பழைய மாணவனைக் காப்பாற்றவும், ஐந்தாம் வகுப்பில் செய்ததற்கு ஈடுகட்டவும் நான் இந்தப் பழியை ஏற்பதாகச் சந்தேகப்பட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்படுவேன். என் வார்த்தையை நம்ப வேண்டாம் என்று சொன்னேன். துணிப்பையில் என் துப்பாக்கியும், உருண்டைத்தலை டப்பாவும், மிலோயே வீட்டுச் சாவியும் உள்ளன. மாடியில் ரோஸ்மேரிக் கொத்தைத் தேடுங்கள். ராஸ்ட்கோ சுட்ட மூன்றில் ஒன்றாவது பேரிக்காய் மரத்தின் மேல்கிளைகளில் இருக்கும், ஏணி போட்டுப் பாருங்கள், தட்டையாக இருக்கும். இத்தனையும் செய்ய நேரம் இல்லை என்றால் வேறொரு எளிய வழி இருக்கிறது, அதைக் கடைசியில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

ராஸ்ட்கோவிடம் நானே சொல்ல அனுமதி கேட்டேன். ஆய்வாளர் இப்போது முடியாது என்றார். அப்படியானால் அவனிடம் ஒன்றை மட்டும் மறைக்க முடியுமா என்று கேட்டேன், அதாவது ஆப்பிளை அடித்தது அவன் இல்லை என்பதை. அதுவும் முடியாது, வாக்குமூலம் முழுதாகவே படித்துக் காட்டப்படும் என்றார். சரி என்றேன்.

மேலே உள்ளதை ஒரு முறை எனக்குப் படித்துக் காட்டினார்கள், ஒரு முறை நானே கண்ணாடி போட்டுப் படித்தேன். நான் சொன்னது இவ்வளவுதான், கூட்டவோ குறைக்கவோ இல்லை, யாரும் என்னைச் சொல்ல வைக்கவும் இல்லை.

(ஒப்பம்) வெ. தானிலோவிச்

கையொப்பத்துக்குப் பின் வாக்குமூலம் அளித்தவர் கேட்டுக்கொண்டபடி சேர்க்கப்பட்டது: மருத்துவமனை கொடுத்த உறையைத் திறந்து, அந்தக் குண்டை இந்த மேசை மேல் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள். ராஸ்ட்கோவின் டப்பாவில் உள்ளது எதை எடுத்து நிறுத்தினாலும் நிற்கும். இது விழும்.